ஒழுகுவது குற்றமா?

தமிழில் 'ஒழுகுதல்' என்று ஒரு சொல் இருக்கிறது. விசித்திரமான சொல். 'கூரை ஒழுகுது' என்றால் வீட்டுக்காரர் கவலைப்படுவார். 'பிள்ளை நெறியோடு ஒழுகுகிறான்' என்றால் பெற்றவர்கள் பெருமைப்படுவார்கள். ஓட்டை வழியாகத் தண்ணீர் போவதற்கும், மனிதன் வாழ்க்கையில் நடந்துகொள்வதற்கும் ஒரே வார்த்தை! வீட்டில் ஒழுக்கு இருந்தால் அடியில் பக்கெட் வைக்க வேண்டும். ஒழுக்கம் இருந்தால் அதற்குத் திருக்குறளில் தனி அதிகாரமே உண்டு.

'கசிவு' இன்னும் மோசம். குழாய் கசிந்தால் பிளம்பருக்கு போன் போடுகிறோம். சந்நிதியில் நிற்கும்போது மனசு கசிந்தால் அதைப் பக்தி என்கிறோம். கசியாத மனசைக் கல் நெஞ்சு என்று திட்டுகிறோம்.

நம் முன்னோர்கள் வார்த்தைப் பஞ்சத்தில் இப்படிச் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒழுகுதல் என்றால் ஒரு போக்கில் போய்க்கொண்டிருத்தல். அவ்வளவுதான். அது நல்லதா கெட்டதா என்பதைச் சொல் சொல்லாது. எங்கிருந்து போகிறது, எங்கே போகிறது, போகும்போது எதையெல்லாம் கூட இழுத்துக்கொண்டு போகிறது என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்வியை ஒரு குளத்தை வைத்துக் கேட்டுப் பார்க்கலாமா? குளம் என்றதும் காஞ்சிபுரம்தான் ஞாபகம் வருகிறது.

2019-ல் ஜூலை 1 தொடங்கி ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள், ஊர் உலகமே காஞ்சிபுரத்துக்குப் படையெடுத்தது. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்தி வரதரை வெளியே எழுந்தருளச் செய்திருந்தார்கள். அத்தி மரத்தில் செய்த திருமேனி. 1979-க்குப் பிறகு 40 வருஷம் கழித்துக் கிடைத்த தரிசனம். அடுத்தது 2059-ல். வெயிலில் மயங்கி விழுந்தும் மக்கள் வரிசையை விடவில்லை.

எல்லோரும் பெருமாளைப் பார்த்தார்கள். தண்ணீர் இறைத்த குளத்தைப் பார்த்தவர்கள் குறைவு. அத்தனை வருஷம் ஒரு மர விக்கிரகத்தைத் தனக்குள்ளே வைத்திருந்த குளம், சேறும் படியுமாக வானத்தைப் பார்த்துக் கிடந்தது. திரும்பவும் எந்தத் தண்ணீரைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. அப்போதுதான் பலருக்கு உறைத்தது. குளம் என்பது சும்மா ஒரு பள்ளம் இல்லை. தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது ஒரு வேலை. அதைக் குளத்தின் அடிமண் கண்ணுக்குத் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறது.

அந்த வேலையில் சின்னதாக ஒரு கோளாறு வந்தால் என்ன ஆகும் என்பதை என் நண்பர் ஒருவர் மூலமாகத் தெரிந்துகொண்டேன்.

*

அவர் சென்னையில் வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றைத் தாண்டிக் கொஞ்சம் நிலம் வாங்கினார். தென்னை வைத்தார். 25 சென்ட் அளவுக்கு ஒரு குளம் வெட்டினார். மணல் கலந்த பூமி, தண்ணீர் நிற்காது. அதனால் அடியிலும் பக்கங்களிலும் தடிமனான கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்து, போர் தண்ணீர் விட்டு, மீன் குஞ்சும் விட்டார். பேரப் பிள்ளைகள் வந்தால் இறங்கிக் கால் நனைக்க ஓர் இரும்பு ஏணி. காவலுக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், மனைவியோடு அங்கேயே தங்கியிருந்தார்.

மார்ச் மாசம் நண்பர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தினமும் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் குறைகிறது. வங்கிக்காரர் இல்லையா? கணக்குப் போட்டார். நாளைக்கு இருபதாயிரம் லிட்டர்! பக்கத்து வயல் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. அந்த வயல்காரர் காவல்காரருக்கு ஒருவிதத்தில் சொந்தம். போதாதா?

ஒருநாள் சாயங்காலம் கேட்டுவிட்டார். "ராத்திரியில வால்வைத் திறந்து விடுறியா?" காவல்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல். "நான் எடுக்கலைங்க ஐயா" என்று மட்டும் சொன்னாராம். மறுநாள் காலை அறைச் சாவி ஜன்னலில் இருந்தது. புருஷனும் பெண்சாதியும் இல்லை.

அவர்கள் போன பிறகும் தண்ணீர் குறைந்துகொண்டேதான் இருந்தது.

அப்புறம்தான் அந்த ஊர் நீர்க்கட்டியைக் கூப்பிட்டார்கள். ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிறவருக்கு அந்தப் பக்கத்தில் நீர்க்கட்டி என்று பெயர். எழுபதைத் தாண்டிய பெரியவர். பிளாஸ்டிக் விரித்த குளம் அவருக்குப் புதுசு. ஆனால் தண்ணீர் பழசுதானே!

"ஒரு பக்கெட்டுல இந்தத் தண்ணியவே மொண்டு, குளத்துக்குள்ளயே வைங்க சார். சாயாம ஒரு கல்லைப் போடுங்க. பக்கெட்டுல ஒரு கோடு, குளத்துல ஒரு கோடு. மோட்டார் போடாதீங்க. நாளைக்கு இதே நேரத்துக்குப் பார்ப்போம்" என்றார்.

மறுநாள் அளந்து பார்த்தார்கள். குளத்தில் 20 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. பக்கெட்டில் 7.

பெரியவர் சொன்னார்: "பக்கெட்டுல ஓட்டை இல்ல. அதுல குறைஞ்சது வெயில் குடிச்சது. குளத்துலயும் அந்த அளவு வெயில்தான் குடிச்சிருக்கு. அதுக்கு யார் சட்டையையும் பிடிக்க முடியாது. மீதிக்குத்தான் வழி தேடணும்."

ஏழு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். 25 சென்ட் குளத்தில் அது ஏழாயிரம் லிட்டர். ஒரு ஏக்கர் குளமாக இருந்தால் இருபத்தெட்டாயிரம் லிட்டர். சென்னையில் ஓடும் பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் இரண்டு லாரிக்கு மேலே. கோடை வெயில் ஒரே நாளில் சத்தமில்லாமல் குடித்துவிட்டுப் போகிறது.

மீதி 13 மில்லிமீட்டர்? குளத்தைக் காலி செய்து பார்த்துவிடலாம் என்று நண்பர் துடித்தார். பெரியவர் விடவில்லை. "இறைச்சிட்டீங்கன்னா எல்லா இடமும் ஒரே கறுப்பாத்தான் தெரியும். தண்ணி இறங்கட்டும் சார். எங்க வந்து நிக்குதோ, அங்கதான் ஓட்டை. அதுவே காட்டிக் கொடுக்கும்."

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு எளிமையான பௌதிகம்! ஓட்டைக்கு மேலே தண்ணீர் இருக்கும்வரைதான் ஒழுகும். மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறைந்து ஒழுகலும் மெதுவாகும். ஓட்டையின் மட்டத்துக்கு வந்ததும் நின்றுபோகும். அதற்குப் பிறகு குளமும் பக்கெட்டும் ஒரே அளவில்தான் குறையும்.

ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. ஒன்றரை அடிக்கும் சற்றுக் கூடுதலாக இறங்கியதும் குளமும் பக்கெட்டும் சமமாகிவிட்டன. இப்போது மொத்தக் குளத்தையும் தேட வேண்டாம். அந்த ஒரு கோட்டை மட்டும் சுற்றி வந்தால் போதும். கையால் தடவிக்கொண்டே போனார்கள். சந்தேகமான இடங்களில், தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, இங்க் ஃபில்லரில் பாலை எடுத்துத் துளித்துளியாக விட்டார்கள். மற்ற இடங்களில் பால் புகை மாதிரி அப்படியே கலைந்தது. ஓர் இடத்தில் மட்டும் வெள்ளை நூல் மாதிரி இழுத்துக்கொண்டு ஷீட்டுக்குள்ளே போனது.

பேரப் பிள்ளைகளுக்காக நண்பர் வைத்த இரும்பு ஏணியின் கால் பதிந்த இடம் அது. ஓட்டை ஆணி அளவுதான்.

அந்த இடத்தைத் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, எல்லாப் பக்கமும் ஒரு கையகலம் கூடுதலாக ஷீட் வெட்டி, சூடான காற்றடிக்கும் கருவியால் இளக்கி ஒட்டினார்கள். ஒட்டுத் துண்டின் மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டுமாம். கூர்மையாக இருந்தால் அங்கிருந்து பெயர ஆரம்பிக்கும். ஏணியின் காலுக்கு ரப்பர் செருப்பு மாட்டினார்கள். எல்லாம் அரை மணி நேர வேலை.

நண்பர் காவல்காரரைத் தேடிப் போனார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட்டுக்குக் காவலாக இருந்தார். நண்பர் நடந்ததைச் சொன்னார், வருத்தம் தெரிவித்தார், பாக்கிச் சம்பளத்தையும் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். "பரவால்லீங்க ஐயா" என்றார். கூப்பிட்டதற்குத் திரும்பி வரவில்லை.

*

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த பக்கெட்தான்.

நம் வாழ்க்கையில் ஏதோ ஒன்று குறைகிறது. பணம், மதிப்பெண், வியாபாரம், அன்பு, தூக்கம். குறைகிறது என்று தெரிந்தவுடன் நாம் செய்கிற முதல் காரியம் என்ன? ஆளைத் தேடுவது. 'யாரால குறைஞ்சது?' வெயிலின் பங்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அதே வெயிலில், ஓட்டை இல்லாத ஒரு பாத்திரத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிற பொறுமை நமக்கு வருவதில்லை.

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கூலிக்கு நெய்பவரிடம் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். நெய்து வந்த சேலையையும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். கழிவுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு. அதற்கு மேல் குறைந்தால் நெசவாளர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் பட்டுக்கு ஒரு குணம் உண்டு. காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். தொட்டால் ஈரமே தெரியாது. காய்ந்த பட்டின் எடையில் 11 சதவிகிதம் ஈரம் என்று வைத்துக் கணக்கிடுவது உலக வியாபார வழக்கம். ஐப்பசி அடைமழையில் எடை போட்டுக் கொடுத்த அரை கிலோ பட்டு, வறண்ட வெயில் காலத்தில் சேலையாகத் திரும்பி வந்தால், பத்துப் பதினைந்து கிராம் சும்மாவே குறைந்திருக்கும். அந்தப் பத்து கிராமில் ஒரு மனிதனின் நாணயம் ஊசலாடுகிறது! கொடுத்த அன்றைக்கே அதே பட்டில் ஒரு கழியைக் கடைச் சுவரில் மாட்டிவைத்து, சேலை வரும் நாளில் அதையும் எடை போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதுவும் ஒரு பக்கெட்தான்.

கணவனுக்கு முன்னைப் போல் சிரிப்பு வரவில்லை என்று மனைவி சந்தேகப்படுகிறாள். நாற்பத்தைந்து வயதில், அதே கடன், அதே டிராஃபிக்கில் தினமும் இரண்டு மணி நேரம் போய் வருகிற மற்றவர்கள் எல்லாம் எவ்வளவு சிரிக்கிறார்கள்? முதலில் அதைப் பார்க்கலாம். ஒரு பங்கு வெயில் குடித்ததாக இருக்கும். எல்லாமே வெயில்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும் தப்பு. நண்பரின் குளத்தில் ஓட்டையும் இருந்தது அல்லவா? பக்கெட் குற்றவாளியை விடுதலை செய்வதில்லை. குற்றத்தின் அளவைச் சரியாகச் சொல்கிறது.

*

ஓட்டையைக் கண்டுபிடித்தாயிற்று. அடைத்தே ஆக வேண்டுமா? இது இரண்டாவது கேள்வி. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

சாக்ரட்டீஸும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறார். பிளேட்டோ எழுதிய 'கார்கியாஸ்' உரையாடலில், ஆசை அடங்காத மனசை ஓட்டை ஜாடி என்கிறார் சாக்ரட்டீஸ். ஒருவனிடம் ஓட்டை இல்லாத ஜாடிகள். ஒருமுறை நிரப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிறான். இன்னொருவனிடம் ஓட்டை ஜாடிகள். ராவும் பகலும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். யார் வாழ்க்கை நல்ல வாழ்க்கை என்று கேட்கிறார். எதிரே இருந்த காலிக்ளிஸ் சளைக்கவில்லை. ஜாடி நிரம்பிவிட்டால் அப்புறம் என்ன சந்தோஷம் இருக்கிறது, அது கல்லின் வாழ்க்கை அல்லவா என்று திருப்பிக் கேட்டார். இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கும் மேலாக அந்தச் சண்டை தீரவில்லை.

நம் ஊரிலும் ஒரு கதை உலவுகிறது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். தண்ணீர் சுமப்பவனிடம் இரண்டு பானை. ஒன்றில் விரிசல். அது வழியெல்லாம் சிந்தியதால் பாதையோரத்தில் பூச்செடிகள் முளைத்தன. 'உன் குறையே உன் நிறை' என்று முடியும். தன்னம்பிக்கைக் கூட்டங்களில் கைதட்டல் வாங்கும் கதை. எனக்கு அதோடு ஒரு சின்னத் தகராறு உண்டு. பூக்கள் சரி. தினமும் பாதிப் பானைத் தண்ணீரோடு சோறு பொங்கிய வீட்டுக்காரம்மாவை அந்தக் கதையில் யாரும் கேட்கவே இல்லையே!

கோயில் குளங்களைக் கட்டியவர்கள் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. குளம் ஜாடி இல்லை. அதன் அடியில் களிமண் படிவு உண்டு. களிமண்ணைத் தண்ணீரோடு மிதித்துப் பிசைந்தால் அதன் கண்கள் அடைபட்டுவிடும். நாற்று நடுமுன் நம் விவசாயி வயலைச் சேறாக்கி உழுவதும் அதற்கும்தான். 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கால்வாய்கள் வெட்டிய ஜேம்ஸ் பிரிண்ட்லியும் மிதித்த களிமண்ணைத்தான் நம்பினார். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆனால் முழுசாகப் பிடித்து வைக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். அது சுற்றியுள்ள நாலு தெருக் கிணறுகளில் ஊறும்.

இந்த நிதானம் புரியாமல் இரண்டு விதமாகக் கெடுத்தோம். சில இடங்களில் 'சுத்தமாகத் தூர் வாருகிறோம்' என்று இயந்திரத்தை இறக்கி, களிமண் படிவத்தையும் சேர்த்து வழித்தெடுத்தார்கள். அப்புறம் எவ்வளவு மழை பெய்தாலும் நிற்பதில்லை. வேறு சில இடங்களில் 'ஒழுகவே கூடாது' என்று அடியில் சிமென்ட் பூசினார்கள். தண்ணீர் நின்றது, நின்று பச்சை கட்டியது. பக்கத்துக் கிணறுகளுக்குக் குளத்தோடு இருந்த உறவு அறுந்தது. இன்னொரு பக்கம், 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மொட்டை மாடித் தண்ணீரைக் குழாய் வைத்துப் பூமிக்குள் விட்டோம். குளத்தின் அடியை அடைத்துவிட்டு, வீட்டு வாசலில் ஓட்டை போட்டோம்!

அப்படியானால் கசிவு எல்லாம் புண்ணியமா? அதையும் காஞ்சிபுரத்திலேயே கேளுங்கள். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் குழித்தறிகள் உண்டு. நெசவாளர் பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு மிதித்து நெய்வார். வடகிழக்குப் பருவமழை வலுத்து நிலத்தடி நீர் மேலே வந்தால், அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். தறி நிற்கும். வாரக்கணக்கில் கூலி இல்லை. நாலு தெரு தள்ளிக் கிணறு நிரம்பியதற்காக ஒரு வீட்டில் சந்தோஷம். இங்கே தறிக்குழியிலிருந்து சொம்பால் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் ஒரே நீர்தான்.

எவ்வளவு ஒழுகுகிறது என்பதையும், யாருக்கு லாபம் என்பதையும் வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. வேறு அளவுகோல் வேண்டும்.

அதையும் அந்த நீர்க்கட்டிப் பெரியவர்தான் கொடுத்தார்.

*

பிளாஸ்டிக் ஷீட் வேலை முடிந்த அன்று அவரிடம் கேட்டேன். "உங்க ஏரிக்கரை ஒழுகாதா பெரியவரே?"

சிரித்தார். "ஒழுகாத ஏரி எங்க தம்பி இருக்குது? மண்ணுதானே. ராத்திரி லாந்தரை எடுத்துக்கிட்டு, தண்ணி இருக்கிற பக்கம் போக மாட்டேன். கரைக்கு வெளிப்பக்கம், அடியில போவேன். கசிவு தெளிவா வந்துச்சுன்னா பார்த்துட்டு வந்துருவேன். கலங்கலா வந்துச்சுன்னா ஊரைக் கூட்டிருவேன்."

எவ்வளவு கசிகிறது என்பது இரண்டாவது கேள்வி. தெளிவாகக் கசிகிறதா, கலங்கிக் கசிகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

தெளிந்த நீர் என்றால் தண்ணீர் மட்டும் வருகிறது. கலங்கிய நீர் என்றால் கரையின் மண்ணையும் கரைத்துக்கொண்டு வருகிறது. உள்ளே நண்டு வளையோ எலிப் பொந்தோ குகையாகிக்கொண்டிருக்கிறது. வெளியே பார்த்தால் கரை அப்படியே கம்பீரமாக நிற்கும்.

பொறியாளர்களும் இதையேதான் சொல்கிறார்கள். மண் அணை எல்லாமே கொஞ்சம் கசியும். கசிவு நீருக்கென்று வடிகால் வைத்து, தினமும் அளந்து எழுதி வைப்பார்கள். அளவு திடீரென்று கூடினாலோ நிறம் மாறினாலோ தூக்கம் போய்விடும். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் என்று ஒரு மண் அணை. முதல்முறையாக நீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 1976 ஜூன் 3-ம் தேதி அணைக்குக் கீழே தெளிந்த ஊற்றுகள் தெரிந்தன. ஜூன் 5-ம் தேதி காலையில் கலங்கிய தண்ணீர் வந்தது. புல்டோசர்களைக் கொண்டுவந்து ஓட்டைக்குள் மண்ணைத் தள்ளினார்கள். ஓட்டை புல்டோசர்களையே விழுங்கிற்று. ஓட்டியவர்கள் தப்பி ஓடினார்கள். மதியம் 12 மணி ஆவதற்குள் சுமார் 90 மீட்டர் உயரமான அணை உடைந்துபோனது. 11 பேர் இறந்தார்கள்.

காலையில் கலங்கிய நீர். மதியம் அணை இல்லை. கலங்கிய பிறகு கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.

இந்த அளவுகோலைக் கொஞ்சம் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள்.

ஒரு தங்கை கஷ்டத்தில் இருக்கிறாள். அண்ணன் மாசாமாசம் இரண்டாயிரம் ரூபாய் அனுப்புகிறார். மனைவிக்கும் தெரியும், குழந்தைகளுக்கும் தெரியும். அந்த வீட்டில் கொஞ்சம் குறைகிறதுதான். ஆனால் தெளிந்த கசிவு. எங்கோ ஒரு கிணறு ஊறிக்கொண்டிருக்கிறது. அதே அண்ணன் அதே இரண்டாயிரத்தை மனைவிக்குத் தெரியாமல் அனுப்ப ஆரம்பிக்கிறார். கேட்டால் ஒரு பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்ற அலுவலகத்தில் ஒரு கடன். தொகை மாறவில்லை. இப்போது பணத்தோடு நம்பிக்கையும் கரைந்து போகிறது. தண்ணீர் கலங்கிவிட்டது.

வயதான மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் பெண். அலுப்பு இருக்கும், தூக்கம் குறையும். அது தெளிவு. ஒருநாள், 'இது எப்ப முடியும்' என்று தன்னையறியாமல் மனசுக்குள் ஓடுகிறது. அதை நினைத்துத் தன்னையே வெறுக்க ஆரம்பிக்கிறாள். கலங்கல் ஆரம்பித்துவிட்டது. அவளைத் தியாகி என்று புகழ்ந்துகொண்டே இருக்கிற குடும்பம், கரையின் அழகை ரசித்துக்கொண்டு நிற்கிறது. உடனே யாராவது பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

கருணை, கடமை, கோபம், நட்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கொடுப்பதால் குறைந்துபோகிறவர் யாரும் கெட்டுப்போவதில்லை. கொடுக்கும்போது தாங்கிப் பிடித்திருக்கும் கரையும் சேர்ந்து கரைகிறதா என்பதுதான் விஷயம். நேர்மை, தன்மதிப்பு, கூட இருப்பவர்களின் நம்பிக்கை எல்லாம் நம் கரை மண். தண்ணீரை அடுத்த மழையில் நிரப்பிக்கொள்ளலாம்.

நண்பரின் குளத்தில் நடந்ததும் இதுதான். ஆணி அளவு ஓட்டை வழியாகப் போனது வெறும் தண்ணீர். மணலில் இறங்கி எந்தக் கிணற்றில் ஊறியதோ! ஒருநாள் சாயங்காலம் அவர் கேட்ட ஒரு கேள்வி வழியாகப் போனது வேறு.

*

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள். கி.பி. 919, 921. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமான தேர்தல்தான் அது. ரொம்பவும் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஏரியைக் கவனிக்க ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் என்று ஒன்று. அப்புறம் ஒரு விதி: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்தலில் நிற்க முடியாது. அவரோடு அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது.

முதல் தடவை படித்தபோது உறவினர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று நினைத்தேன். அநியாயமாகத்தான் பட்டது. இப்போதும் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் அந்தச் சபையார் எதற்குப் பயந்தார்கள் என்பது இப்போது புரிகிறது. ஏரியிலிருந்து தண்ணீர் போவதற்கு அவர்கள் பயப்படவில்லை. தண்ணீர் போகத்தான் ஏரி. கணக்கில் கலங்கல் வந்தால் அது கரைக்குள்ளேயே, வீடு வீடாகப் பரவும் என்று பயந்தார்கள்.

பெரியவர் சொன்னதில் இன்னொன்று பாக்கி இருக்கிறது. லாந்தரோடு அவர் போனது தண்ணீர்ப் பக்கம் இல்லை, கரைக்கு வெளிப்பக்கம். குளத்துக்குள் நின்று பார்ப்பவருக்குக் கலங்கல் தெரியாது. உள்ளே எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். கரைக்கு அடியில் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் கரைக்கு அடியில் யார் யார் இருக்கிறார்கள்? மனைவி, கணவன், அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, காரோட்டி. உங்களிடமிருந்து தினமும் ஏதோ ஒன்று அவர்கள் பக்கம் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. அது எந்த நிறத்தில் வருகிறது என்று அவர்களை ஒருநாள் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை "பரவால்லீங்க" என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.